மொட்டை மாடிப் பேச்சும் விட்டுப்போன பெயரும்

1

எங்கள் ஊர் விருத்தாசலத்தில், அக்கா வீட்டு மொட்டை மாடியில், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கும் பேச்சுக் கூட்டத்துக்கு, போன வாரத்தோடு ஒரு வயது முடிந்தது. கூட்டம் என்று சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. "கூட்டமும் இல்ல கீட்டமும் இல்லடா. இருவது முப்பது பேரு வராங்க. ஒருத்தரு தனக்குப் புடிச்சதப் பத்திப் பேசுறாங்க. சுண்டல் சாப்புட்டு வூட்டுக்குப் போறாங்க. அவ்ளோதான்" என்பாள்.

பேச வருகிறவர் படித்தவராகவோ பதவியில் இருப்பவராகவோ இருக்க வேண்டியதில்லை. ஒன்றின் மேல் பைத்தியமாக இருந்தால் போதும். இதுவரை ஒரு பஸ் கண்டக்டர் பேசியிருக்கிறார். சேத்தியாத்தோப்பு வண்டியில் ஏறுகிறவர்கள் தாங்கள் இறங்க வேண்டிய இடத்தை எத்தனை விதமாகச் சொல்லுவார்கள் என்பது அவருடைய தலைப்பு. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு விவசாயி சாக்கு நிறைய களைச்செடிகளோடு வந்து, "இதுங்கள நான் முப்பது வருசமாப் புடுங்குறேன், ஆனா இதுங்க மேல எனக்கு மரியாத உண்டு" என்று ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் பேசினார். கீழே இறங்கும்போது ஆளுக்கு ஒரு களைச்செடியை வீட்டுக்கு எடுத்துப் போனார்களாம்.

இதற்கெல்லாம் விதை ஜெர்மனியில் விழுந்தது என்று நான் பெருமை அடித்துக்கொள்ளலாம். ஆனால் அது விழுந்த விதம் அப்படி ஒன்றும் பெருமைக்குரியது இல்லை.

2

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்துவிட்டு, ஊரிலேயே ஒரு சின்ன யூனிட்டில் பியூஸ் கட்டைகளுக்கு மெருகு பூசிக்கொண்டிருந்தவன், இப்போது ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் கழிப்பறைப் பீங்கான் செய்யும் ஆலையில் தரம் பார்க்கிறேன். என் பெயர் அன்பழகன். ஆனால் இங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. முதன்முதலில் பதிவு செய்யப் போன அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல்தான் உண்டு என்றேன். ஒரு எழுத்தை எல்லாம் பெயராக எடுத்துக்கொள்ள முடியாது என்று அந்த அம்மாள் உறுதியாகச் சொல்லிவிட்டார். இனிஷியலை விரித்து எழுதினேன். அன்றிலிருந்து ஆலையில், வங்கியில், பல் டாக்டரிடத்தில் எல்லாம் நான் திருவாளர் கோவிந்தசாமி. அது என் அப்பா பெயர். முதல் மாதம் முழுக்க யாராவது கூப்பிட்டால் அப்பா வந்திருக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். பள்ளியில் என் மகள் மதியின் குடும்பப் பெயரும் அதுதான். வாத்தியாரின் வகுப்புப் பட்டியலில் அவள் தாத்தா பெயரில்தான் நிற்கிறாள்.

இந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அங்கே மாதம் ஒரு மாலை, ஊர்க்காரர் ஒருவர் தனக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசுவார். கசாப்புக் கடைக்காரரின் மனைவி வௌவால்களைப் பற்றிப் பேசினார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டு வாசல் மணிகளைப் பற்றிப் பேசினார். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன். ஒருநாள் தபால்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் எதைப் பற்றிப் பேசுவீர்கள்?" யோசிக்காமல் "களிமண்" என்று சொல்லிவிட்டேன்.

ஜெர்மன் மொழியில் களிமண்ணுக்கு 'டோன்' என்று பெயர். சங்கீத நாதத்துக்கும் அதே 'டோன்'தான். இது எனக்குத் தெரியும். ஆனால் 'இந்தியாவிலிருந்து டோன்' என்று சுவரொட்டி எழுதியபோது அது மூளைக்கு ஏறவில்லை. அன்று மாலை அறை நிரம்பி வழிந்தது. பதினைந்து பேர் கையில் திண்டும் ஜமக்காளமுமாக வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் ஒரு மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருந்தார். நான் பையிலிருந்து ஒரு பியூஸ் கட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இந்த டோன் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுரங்கத்தில் கிடைக்கிறது" என்றேன். மூதாட்டி கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். "இதைத் தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும்" என்றதும் ஒரு கண்ணைத் திறந்தார். மூன்றாவது நிமிடத்தில் தபால்காரர் எழுந்து, சிரிப்பை அடக்க முடியாமல், என்ன நடந்திருக்கிறது என்று எல்லாருக்கும் விளக்கினார். அறை குலுங்கியது. எனக்குக் காது சுட்டது. ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றி வந்தன. மூதாட்டி போகும்போது, "சங்கீதமாக இருந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

3

மறுநாள் இதை போனில் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் அவளுடைய தையல் மிஷின் நின்றுவிட்டது. விஜயா அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். வீட்டின் கீழ்த் தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு அவள்தான் ஜாக்கெட் தைப்பாள்.

"ஏன்டா, இதுக்குப் போயி ஒரு ரூமு வச்சிருக்காங்களா? நம்ம மாடி சும்மாதான கெடக்குது" என்றாள்.

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த மாதமே ஆரம்பித்துவிட்டாள். இங்கே ஜெர்மனியில் இதே மாதிரி ஒன்றைப் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்துப் போட்டு, விதிமுறைகள் எழுதி, பொருளாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்கா, துணி தைக்க வருகிறவர்களிடம் வாயால் சொன்னாள். மாமா இருபது நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மாமா என்றால் அக்காவின் கணவர், ராஜேந்திரன். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் கலகலப்பானவர். என்னோடு மட்டும் பேச மாட்டார். சண்டை என்று சொல்ல முடியாது. போனில் கிடைத்தால், "நல்லாருக்கியாப்பா? இரு, ஒங்கக்காகிட்ட குடுக்குறேன்." அவ்வளவுதான். இருபத்தோரு வருடமாக அவ்வளவுதான். அதற்குக் காரணம் இருந்தது.

4

போன கோடை விடுமுறைக்கு மதியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். என் மனைவி ரேவதிக்கு லீவு கிடைக்கவில்லை. மதிக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். இரண்டாம் முறை கேட்டால் பதிலே வராது. அறைக் கதவு மூடியே இருக்கும். விமானத்தில் ஒன்பது மணி நேரம் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் வந்தாள். இவளை அழைத்துப் போய் என்ன செய்யப் போகிறோம் என்று எனக்கு உள்ளூர உதறல்.

ஜங்ஷனில் அக்கா காத்திருந்தாள். மதியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "வந்ததும் என்னா பண்ண பாப்பா?" என்று கேட்டதற்கு மதி நல்ல சத்தமாக, "ஸ்டேஷன்ல அத்தைய கட்டிக்கிட்டேன்" என்றாள்.

கட்டிப்பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வந்தவள். பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அசரவில்லை. "ஆமா, ரெண்டு பேரும் ஓடிப்போயி கட்டிக்கிட்டோம். யாருக்கும் பத்திரிக வைக்கல" என்றாள். என்ன தவறு என்று விளக்கியதும் மதி முகம் சிவந்து, பிறகு அவளும் சிரித்தாள். அந்த ஒரு வாரம் முழுக்க அத்தையும் மருமகளும் ஒருவரை ஒருவர் "ஏங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கதவை மூடிக்கொள்கிற பெண்ணை நான் அங்கே பார்க்கவில்லை. அந்த வீட்டில் உள் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"இந்த ஞாயித்துக்கெழம நான்தான்டா பேசுறேன்" என்றாள் அக்கா.

"எதப் பத்தி?"

"வந்து கேளு."

கட்டிலுக்கு அடியிலிருந்து அவளும் மதியும் நான்கு பெரிய அட்டைப் பெட்டிகளை இழுத்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள். உள்ளே என்ன என்று எனக்குக் காட்டவில்லை.

5

பெட்டிகளில் இருந்தவை கல்யாணப் பத்திரிகைகள்.

ஜாக்கெட் தைக்க வருகிற பெண் பத்திரிகை வைக்காமல் போக மாட்டாள். அக்கா முப்பது வருடமாக ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தவன், எனக்குத் தெரியாது.

மாடியில் வெயில் தணிந்திருந்தது. முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மாமா வழக்கம்போல உட்காராமல், படிக்கட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் கேனோடு நின்றார். அக்கா கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் எழுந்து நின்றாள்.

"நான் பத்தாவது பெயிலு. ஆனா பத்திரிக படிக்கிறதுல டாக்டரு" என்று ஆரம்பித்தாள்.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் என் அக்காவை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் பெண்ணின் பெயர் மாப்பிள்ளை பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருந்ததையும், எந்தச் சமயத்தில் இரண்டும் ஒரே அளவுக்கு வந்தன என்பதையும் வரிசையாகத் தூக்கிக் காட்டினாள். பெண்ணுக்குப் பெயருக்குப் பின்னால் பட்டம் வந்த முதல் பத்திரிகையை எடுத்தபோது மாடியே கை தட்டியது. அந்தப் பெண் இப்போது இரண்டு பிள்ளைகளோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "அமெரிக்கா" என்பதைத் தங்க எழுத்தில் போட்டு, மாப்பிள்ளை பெயரைக் கறுப்பில் போட்ட பத்திரிகை ஒன்று. அவள் சொல்லச் சொல்ல மதி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டி ஆண்டைப் படித்து எடுத்தாள். நான் பத்து வருடம் சொல்லிக் கொடுத்து வராத எழுத்து.

"இப்ப கடைசியா ஒண்ணு சொல்றேன்" என்றாள் அக்கா. "பத்திரிகைல இருக்குற பேரப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. விட்டுப்போன பேரப் பத்திதான் பேசுவாங்க. இதப் பாருங்க. மாப்ள பொண்ணு பேர வெரலால மறச்சிக்கிறேன். மாப்ளயோட அக்கா பேரு இருக்குது. அக்கா வூட்டுக்காரரு பேர காணும். பாவம், அந்தப் பொம்பள தனியா நிக்கிறா பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மஞ்சள் ஓரமும் மயில் படமும் போட்ட அந்தப் பத்திரிகை என்னுடையது.

6

நடந்தது இதுதான். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க ஒரு பிரதி வரும். "நீ படிச்சவன், வந்தா நீயே பாத்துடு" என்று அப்பா சொல்லியிருந்தார். பிரஸ் பையன் அதைக் கொண்டுவந்தது, அப்பா வெளியே போயிருந்து, பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த ஒரு காலையில். அவர் கேட்ட காகிதங்களில் ஒன்று கிடைக்கவில்லை. வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றம். பிரதியில் ஒரு வரிகூடப் படிக்காமல் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அச்சான கட்டு வந்தபோது வீட்டு மூத்த மாப்பிள்ளையின் பெயர் அதில் இல்லை. அப்பா துடித்துப் போனார். "நீ பாத்தியா இல்லியா?" என்றார். "எனக்கு வரவே இல்லப்பா" என்று சொன்னேன். சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியம். அப்பா நேராகப் போய்ப் பிரஸ்காரர் சண்முகத்தைக் கண்டபடி திட்டினார். மாமா கல்யாணத்துக்கு வந்தார். தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். அதன் பிறகுதான் "நல்லாருக்கியாப்பா."

இப்போது மாடியில் ஒருவர், "எந்த பிரஸ்ஸும்மா அது?" என்று கேட்டார். பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை முன்வரிசைக்காரர் எட்டிப் படித்துவிட்டார். எல்லாத் தலையும் இடது பக்கம் திரும்பியது. அங்கே, தலை முழுக்க நரைத்துப்போய், பிரஸ் சண்முகம் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அதுவரை கவனிக்கவே இல்லை.

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி, "தப்பு நடந்துபோச்சுங்க. மனுசன்தான" என்றார். சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது.

நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று முடிவு செய்ததாக நினைவில்லை.

"அவரு தப்பு இல்லைங்க" என்றேன். "அது என் கல்யாணப் பத்திரிக. எனக்குப் பிரதி வந்துச்சு. படிக்காம கையெழுத்துப் போட்டேன். வரலன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன். சண்முகம் அண்ணே, என்ன மன்னிச்சிடுங்க. மாமா, நீங்களும்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவளும் பிரஸ்ஸின் தவறு என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். விளையாட்டுக்கு எடுத்துக் காட்டியது எங்கே போய் நின்றுவிட்டது என்று பத்திரிகையைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்பா, நீ பொய்யா?" என்றாள் மதி தமிழில். யாரும் அவளைத் திருத்தவில்லை.

மாமா தண்ணீர் கேனை மூடினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னாங்க தெரியும்?" என்றாள் அக்கா.

"கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே சண்முகம் அந்தக் காயிதத்த எடுத்தாந்து எங்கிட்ட காட்டிட்டாரு. இவன் கையெழுத்து இருந்துச்சு. மாமனாருக்குத் தெரிய வேணாம், புள்ளமேல உசுரா இருக்காரு, மனசு ஒடஞ்சிடுவாருன்னு நான்தான் சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு." மாமா என்னைப் பார்த்தார். "பேரு விட்டதுல எனக்கு ஒரு நாளுதான் கோவம். நீயா வந்து சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். அதுலதான் வருசம் ஓடிப்போச்சு."

சண்முகம் அண்ணன்தான் காப்பாற்றினார்.

"எல்லாம் சரி தம்பி. ஒங்கப்பா திட்டுன திட்டு இருக்குது பாருங்க, அது மட்டும் எனக்கு வரி வரியா ஞாபகம் இருக்குது. அடுத்த மாசம் அதப் பத்தி வேணா நான் பேசுறேன்" என்றார்.

மாடி மறுபடி குலுங்கியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மொதல்ல சுண்டல் சாப்புடுங்க" என்று அதட்டினாள். மாமா அன்றைக்கு முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியைச் சண்முகம் அண்ணன் எனக்கு விட்டுக் கொடுத்தார்.

7

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமா என்னை எழுப்பினார். "வா, டீ குடிச்சிட்டு வரலாம்."

ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் பேச ஆரம்பித்தார். அவ்வளவு பேசுகிறவர் என்று எனக்குத் தெரியாது. ரயில்வே, பென்ஷன், மழைக்காலத்தில் தண்டவாளத்தில் நடந்தது, அக்காவின் தையல் மிஷினோடு அவர் நடத்தும் யுத்தம் எல்லாம் வந்தது. இரண்டாவது டீயின்போது பேச்சில் அப்பா வந்தார்.

அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது. அப்போது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அது கைக்கு வந்து நான் ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கொள்ளி வைத்தவர் மாமா. அதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குள் ஒரு மனக்குறை இருந்தது. அப்பா இறந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவருக்கு முடியாமல் போயிருக்கிறது. மதியம் வரைக்கும் நினைவு இருந்திருக்கிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. போனிலாவது குரலைக் கேட்டிருப்பேனே என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. இப்போது கேட்டேன்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன கையில எடுத்துட்டேன் மச்சான். 'இன்னைக்கு என்னா கெழம'ன்னு கேட்டாரு. ஞாயித்துக்கெழமன்னேன். 'அங்க இன்னும் விடிஞ்சிருக்காது. அவனுக்கு இன்னைக்கு ஒரு நாளுதான் லீவு. தூங்கட்டும். எழுந்தப்பறம் பேசிக்கலாம்'னாரு. நீ எழுந்திரிக்கிற நேரத்த வேற எங்கிட்ட கணக்குக் கேட்டாரு. அந்த ஊரு டயத்துக்குப் பதினோரு மணிக்கு எழுந்திரிப்பான், நமக்கு அது மதியம் மூணுன்னேன். 'அப்ப பதினொண்ணரைக்குப் போடு, மூஞ்சி கழுவட்டும்'னாரு."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பஸ்ஸுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒரு ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கொஞ்சம் கலங்கித் தெரிந்து, பிறகு தெளிந்தன.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம் மாமா."

"நீ கேக்கலியே. நானும் பேசல. நம்ம ரெண்டு பேருக்கும் அவ்ளோ வீம்பு" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். மூன்றாவது டீ.

பிறகு, அதற்கு முன்னொரு தடவை மருத்துவமனையில் படுத்திருந்தபோது அப்பா அடித்த கூத்துகளைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரரோடு சாப்பாட்டுக்குச் சண்டை போட்டது, நர்ஸின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எட்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். மாமா அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்? இட்லி ஆறிக் கெடக்குது. பொண்ணு வேற பசியோட ஒக்காந்திருக்குது. கெளம்பிட்டீங்களா இல்லியா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கெளம்பிட்டோம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். கடைக்காரர் அப்போதுதான் எங்கள் நான்காவது டீக்குப் பால் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.